கோதண்டம் பார்த்துவந்த காலேஜ்

என் அண்ணன் கோதண்டம் கல்யாணத் தரகர். திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை வரை அவர் முடித்துவைத்த கல்யாணங்களில் பாதி நன்றாகவே இருக்கின்றன. மீதிப் பாதிக்கு அவர் பொறுப்பில்லை. அதை அவரே சொல்லியிருக்கிறார்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் திருவாலங்காட்டுப் பரசுராமன் அவரைத் தேடி வந்தார். நிலபுலன் உள்ளவர். ஒரே மகள் மணியம்மை, பள்ளிப் படிப்பு முடிந்ததும், காலேஜில் சேர்த்தால்தான் சோறு என்று உட்கார்ந்துவிட்டாளாம். கிறிஸ்தவர்கள் பெண்களுக்காக நடத்தும் சின்னக் காலேஜ்; ரயிலில் அரைநாள்.

"மதம் மாத்தி வேதத்துல சேத்துடுவாங்களோன்னு பயமா கீது, கோதண்டம். நீ போய்ப் பாத்துட்டு ஆங்னு சொன்னா அனுப்புறேன். இல்லேன்னா ஆவணியில கல்யாணம். அதுக்கும் நீதான்."

எது நடந்தால் அண்ணனுக்கு லாபம் என்பது எனக்கே தெரியும். ஆனால் பார்க்கிற வேலையில் அவர் நேர்மையானவர். பேசுகிற வேலையில்தான் கொஞ்சம் முன்னே பின்னே.

சம்பந்தம் பார்க்கிற முறையிலேயே காலேஜையும் பார்த்தார். முதலில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். பிறகு, அந்த இடத்தோடு சண்டை போட்டவர் யார் என்று விசாரித்தார். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட சமையற்காரி பூவம்மாள் அகப்பட்டாள்.

"அது காலேஜா? ஜெயிலு! ரேஷன் அரிசியில ஒரு பிடி எடுத்துகினு போவ முடியாது, பிரின்ஸிபால் அம்மாவே நின்னு அளக்கும். ஜெபத்துக்கு வராத பொண்ண மட்டும் ஒரு வார்த்த திட்டாது!"

அண்ணனுக்கு மனசு நிறைந்துவிட்டது. இவ்வளவு நல்ல வசவு எந்தச் சம்பந்தி வீட்டைப் பற்றியும் அவர் கேட்டதில்லை. பாடம் எப்படி நடக்கிறது என்று கேட்கத்தான் மறந்துவிட்டார்.

அப்புறம் பிரின்ஸிபால் அன்னம்மாளைப் பார்த்தார். பெண் எப்படி என்று அந்த அம்மா கேட்டதும் தரகர் வாய் தானாக ஓடியது.

"தங்கமான பொண்ணுங்க. நிமிந்து பாக்காது. எதிர்த்து ஒரு வார்த்த பேசாது. அடுப்படிய விட்டு நகராது. புஸ்தகத்தக் கண்டாலே கூச்சம்."

"அப்படிப்பட்ட பொண்ண ஏங்க இங்க தள்றீங்க? இஷ்டமில்லாத பொண்ண நாங்க சேக்கிறதில்ல" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்து, "இடம் நல்ல இடங்க. அவங்கதான் பொண்ணு வேணாம்னுட்டாங்க" என்றார் அண்ணன்.

அதுவரை அனுப்பலாமா என்று யோசித்த பரசுராமன் துள்ளி எழுந்தார். "எம்பொண்ண வேணாம்னு சொல்றதுக்கு அவங்க யாரு?"

"என்னப் பத்தி இன்னா சொன்ன மாமா?" என்றாள் மணியம்மை. சொன்னார்.

"புஸ்தகத்தக் கண்டா கூச்சமா? எனக்கா?"

"இதே வார்த்தையிலதாம்மா எத்தினியோ கல்யாணம் முடிச்சிருக்கேன்!"

மறுநாளே ரயிலேறினோம். பெண்ணுக்குத் துணையாக நானும். நேரில் கண்டதைத்தான் சொல்கிறேன், நம்பாதவர்கள் நம்பவேண்டாம். பிரின்ஸிபால் முன்னால் மணியம்மை நிமிர்ந்து நின்றாள்.

"மாமா சொன்னது அத்தினியும் பொய்ங்க. இங்க கணக்குப் பாடம் யாரு நடத்துறாங்க?"

"இருந்தவங்க போயிட்டாங்க. ஜூலைக்குள்ள வேற ஆள் வருவாங்க."

"வரலேன்னா?"

"நானே நடத்துவேன்."

"உங்களுக்குக் கணக்கு வருங்களா?"

"வாய மூடுடி!" என்றார் பரசுராமன். அந்த அம்மாவோ, "கேக்கட்டுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். பேச்சு முடிகையில் இடம் கிடைத்துவிட்டது. அண்ணன் பழக்கதோஷத்தில் மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்த அம்மா தட்டாமல் எடுத்துக்கொண்டார்.

திரும்புகிற ரயில் முழுக்கப் பரசுராமன் புலம்பிக்கொண்டே வந்தார்: "இன்னா இருந்தாலும், நம்ம காலேஜுல கணக்குக்கு ஆளில்லேன்னா நாலு பேரு சிரிக்கமாட்டாங்க?"