நல்ல மீன் வந்தால் மட்டும்

எங்கள் வீட்டுக்காரருக்குப் பிடிவாதம் அதிகம். கல்யாணத்துக்கு முன்பே எனக்குச் சொல்லியிருந்தார்கள், நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வைத்திக்குப்பத்தில் பிறந்து சின்ன வயதிலேயே கடலுக்குப் போனவர். முதுகுவலி வந்தபின் அதை விட்டுவிட்டு, கரையிலேயே மீன் வாங்கி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார். நான் சாரத்தில் மில் தொழிலாளி வீட்டில் வளர்ந்தவள். மீன் தின்னத் தெரியும், வெட்டத் தெரியாது. கல்யாணம் ஆனபிறகு அதையும் கற்றுக்கொண்டேன். சுத்தம் செய்து, துண்டு போட்டு, டப்பாவில் அடைப்பது என் வேலை. இன்ஸ்டாகிராமில் எங்கள் கடைக்கு ஒரு பக்கம் ஆரம்பித்ததும் நான்தான். கடை என்று சொல்கிறேனே தவிர, அது எங்கள் வாசலும் அவர் பைக்கில் கட்டியிருந்த ஐஸ் பெட்டியும்தான்.

பக்கத்தை ஆரம்பித்தது நான், சட்டம் போட்டது அவர். காலையில் கரைக்குப் போவார். படகுகளில் வந்ததைப் பார்ப்பார், செவுளைத் தூக்கிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். நம் வீட்டுக் குழம்புக்கு எடுப்போமா என்று யோசிப்பார். எடுப்போம் என்றால் அந்த மீனை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் ஒரே ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புவார். பெரிய வஞ்சிரமாக இருந்தால் தலை மட்டும் கையில் இருக்கும். கையோடு பார்த்தால்தான் வாங்குகிறவர்களுக்கு அளவு புரியும் என்பது அவர் கணக்கு. நான் கீழே எழுதுவேன்: ‘காலா. இன்று வந்தது. குழம்புக்கு நன்றாக இருக்கும்.’ அதற்கு மேல் ஒரு வார்த்தை போட்டால் முகம் சுளிப்பார். நல்ல மீன் இல்லாத நாளில் ஒன்றும் போடமாட்டோம். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் பக்கம் சும்மா கிடக்கும்.

எனக்கு அது பொறுக்கவில்லை. பெரிய கம்பெனிக்காரர்கள் மணிக்கு ஒரு படம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. என் கொழுந்தன், அதாவது அவருடைய தம்பி, கடைகளுக்கு இந்த மாதிரிப் பக்கங்களை நடத்திக் கொடுக்கும் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறவன். ஒருநாள் சாப்பிட வந்தவன் அண்ணனிடம் பேச்சை எடுத்தான்.

“டெய்லி ஒண்ணாவது போடணும்ணா. போடலன்னா ஆளுங்க மறந்துடுவாங்க.”

“மீனு இல்லாத அன்னைக்கு என்னாத்தடா போடறது?”

“சமையல் குறிப்பு போடு. குட் மார்னிங் போடு. மீன் தின்னா கண்ணுக்கு நல்லதுன்னு போடு.”

“நம்ம பக்கத்துல படம் வந்தா இன்னைக்கு மீனு இருக்குதுன்னு அவங்களுக்குத் தெரியும். குட் மார்னிங் வந்தா என்னாத்த தெரியும்?”

நான் கொழுந்தன் பக்கம் சேர்ந்துகொண்டேன். ஒரு வாரம் மட்டும் பார்க்கலாம் என்று கெஞ்சியும் அதட்டியும் சம்மதிக்க வைத்தோம். அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் காலை வணக்கம், மிளகாய் அரைக்கும் பக்குவம், விடுகதை என்று போட்டுத் தள்ளினோம். லைக் எல்லாம் அமோகமாகத்தான் வந்தது. அந்த வாரக் கடைசியில் கரைக்கு அருமையான வவ்வால் மீன் வந்தது. கண்ணாடி போலக் கண். வழக்கம்போலக் கையில் வைத்துப் படம் போட்டார். வழக்கமாக டீ கொதிப்பதற்குள் ஆர்டர் வந்துவிடும். அன்று மதியம் வரை பாதிகூட விற்கவில்லை. மிச்சத்தைத் தெருவுக்கே கொடுத்தோம்.

சாயங்காலம் சொல்தா தாத்தாவிடமிருந்து செய்தி வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவர் தனியாக இருக்கிறவர், கிழங்கான் மீன் பிரியர். எதை எழுதினாலும் கடைசியில் மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி முடிப்பார். ‘நீங்கள் இப்போது நிறையப் பேசுகிறீர்கள். அதனால் பார்ப்பதை விட்டிருந்தேன். வவ்வால் கைவிட்டுப் போனது வருத்தம். மெர்சி’ என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டுக்காரர் அதைத் திரும்பத் திரும்ப உரக்கப் படித்தார். அவருக்கு வவ்வால் விற்காத கவலையே போய்விட்டது. அதிலிருந்து நான் எதற்காவது வாயைத் திறந்தால் போதும், “நீ இப்போ நெறைய பேசற” என்பார். பக்கம் பழையபடி ஆனது. நல்ல மீன் வந்தால் மட்டும் படம், இல்லையென்றால் ஒன்றுமில்லை.

அவர் போனது ஐப்பசி மழையில். அன்றைக்குக் கரைக்குப் போய் வெறும் பெட்டியோடு திரும்பி வந்தார். “எடுக்கற மாதிரி ஒண்ணுமில்ல. செவுளு வெளுத்துக் கெடக்குது” என்று சொல்லிவிட்டு டீ கேட்டார். நான் அடுப்படியிலிருந்து, கூரை ஷீட் ஒழுகுவதைப் பற்றியும் அதைச் சரி செய்யாத அவரைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தேன். “நீ நெறைய பேசற” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். டீயை எடுத்துக்கொண்டு வந்தபோது சுவரில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கொழுந்தன் குப்பம் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினான். பக்கத்திலும் போடட்டுமா என்று கேட்டான். அங்கே மீனைத் தவிர வேறு எதையும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் சட்டத்தை அவர் போன பிறகா மீறுவது. கடைக்கு இருந்த போனை அணைத்து அலமாரியில் வைத்தேன். காரியம் முடிந்து, வந்த ஜனங்கள் கிளம்பி, மழையும் விட்ட பிறகுதான் அதை வெளியே எடுத்து சார்ஜ் போட்டேன்.

செய்திகள் கொஞ்சம்தான் வந்திருந்தன. ‘மழை விட்டுவிட்டதே, மீன் இன்னும் சரியில்லையா?’ என்று அரியாங்குப்பத்திலிருந்து ஒரு டீச்சர் கேட்டிருந்தார். சொல்தா தாத்தா, ‘அவசரமில்லை. நல்ல மீன் வந்தால் போடுங்கள். மெர்சி’ என்று எழுதியிருந்தார். மற்றவர்கள் அதுவும் கேட்கவில்லை. பக்கம் சும்மா இருந்தால் நல்ல மீன் இல்லை என்று அவர்தானே பழக்கி வைத்திருந்தார். எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. என் புருஷன் செத்துச் சாம்பலாகிவிட்டார், இவர்கள் மீன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சொன்னபடி தினமும் போட்டிருந்தால், நின்றுபோன முதல் நாளே யாராவது என்ன ஆச்சு என்று கேட்டிருப்பார்களே. சொல்லாமல் இருந்தது நான், கேட்கவில்லை என்று ஆத்திரப்படுவதும் நான். கோபத்துக்கு நியாயம் எங்கே இருக்கிறது. அவர் படத்துக்கு முன்னால் போனை நீட்டி, “பாத்தியா உன் கஸ்டமருங்கள?” என்று கேட்டேன். வீட்டில் யாரும் இல்லாததால் உரக்கவே கேட்டேன்.

எனக்கு வேறு வருமானம் கிடையாது. பக்கத்தைத் திறப்பதா, மூடுவதா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. கொழுந்தன் ஒரு யோசனையோடு வந்தான்.

“அண்ணன் எடுத்த போட்டோ ஏகப்பட்டது கெடக்குது அண்ணி. தெனம் ஒண்ணு போற மாதிரி மொத்தமா செட் பண்ணி வச்சிடறேன். மீனு நான் வாங்கியாந்து தரேன், நீங்க வெட்டிக் குடுத்தா போதும். ஆளு இல்லன்றதே யாருக்கும் தெரியாது.”

“எல்லாத்துலயும் அவரு கை இருக்குமேடா.”

“அதனாலதான் அண்ணி சொல்றேன். அந்தக் கையப் பாத்துதான வாங்கறாங்க.”

“இன்று வந்ததுன்னு எழுதி, அதுக்கு மேல அவரு கையப் போடுவியா? எந்தக் கை இன்னைக்கு வந்துது?”

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவன் கெட்டவன் இல்லை. அண்ணன் கை இன்னும் கொஞ்ச நாள் எங்கேயாவது இருக்கட்டும் என்று அவனுக்கு ஆசை, அவ்வளவுதான். எனக்கும் இருந்தது. அன்று முழுக்கப் பழைய படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலுக்குக் கீழே தூண்டில் நரம்பு கிழித்த தழும்பு எல்லாப் படத்திலும் இருந்தது. நான் மீனுக்குக் கீழே எழுதிக்கொண்டே இருந்தவள், அந்தக் கையை இப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

மறுநாள் காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு நானே கரைக்குப் போனேன். பழகிய பெண்கள் ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டார்கள். அன்று வந்ததில் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. வெறும் பெட்டியோடு திரும்பினேன். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கும் அடுத்த நாள் ஒரு கூடையில் கிழங்கான் இருந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன். நம் வீட்டுக் குழம்புக்கு எடுப்போமா என்று கேட்டுக்கொண்டேன். எடுப்போம் என்று தோன்றியது. குழம்பு வைத்தால் சாப்பிட நான் ஒருத்திதான் என்ற நினைப்பு கூடவே வந்தது. மீனை இடது உள்ளங்கையில் வைத்தேன். என் கை சின்னது, மீன் பெரிதாகத் தெரிந்தது. படம் எடுத்து, ‘கிழங்கான். இன்று வந்தது’ என்று எழுதிப் போட்டுவிட்டு மணலிலேயே உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த சூடு ஆறவில்லை, செய்தி வந்துவிட்டது. சொல்தா தாத்தாதான். எத்தனை கிலோ என்று எழுதவில்லை. ‘இது அவர் கை இல்லையே. அவருக்கு என்ன?’ என்று எழுதியிருந்தார். மெர்சி போடவில்லை.

டீச்சரிடமிருந்து அடுத்தது: ‘அக்கா, அண்ணன் எங்கே?’ அதற்குப் பின் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. பெயரை மட்டுமே தெரிந்த, முகம் தெரியாத ஆட்கள். யாரும் விலை கேட்கவில்லை. எல்லோரும் அவரைக் கேட்டார்கள். கொள்ளி வைத்த நாளில்கூட நான் அப்படி அழவில்லை. மீன்காரப் பெண்களில் ஒருத்தி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பதில் எழுத ஆரம்பித்தேன். மழையை எழுதினேன், ஷீட் ஒழுகியதை எழுதினேன், ஆறிப்போன டீயை எழுதினேன். நிறைய எழுதிவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அவருக்குப் பிடிக்கிற அளவுக்கு எழுதினேன்: ‘அவர் ஐப்பசியில் போய்விட்டார். இது என் கை. மீன் நல்ல மீன்.’