கூரை கழற்ற வந்தவர்

மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கவிருந்த சாய்ந்தமருது வீட்டின் பழைய அஸ்பெஸ்டஸ் கூரையைக் கழற்ற ஒருவர் வந்தார். கொளுத்தும் வெயிலிலும் தலையிலிருந்து கால்வரை மூடிய வெள்ளை உடுப்பு. முகமூடிக்கு மேலே சிரிக்கும் கண்கள் மட்டும் தெரிந்தன.

எங்களைக் கேற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டு, தூசி பறக்காமல் ஒவ்வொரு கூரைத் தகட்டையும் தண்ணீரால் குளிப்பாட்டி, இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லி இறக்கி, பொலித்தீனில் சுற்றினார்.

பக்கத்து வீட்டுக்காரர் கெஞ்சினார்: "உடஞ்ச துண்டொண்டு தாங்களன் தம்பி, கோழிக்கூட்டுக்குப் போட."

"இந்தத் தூள் நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது காக்கா. கோழிக்கும் நெஞ்சிருக்குதானே?" என்றார் அவர், அண்ணன் முறை வைத்து.

தெருவே சிரித்தது. துண்டு கேட்க நின்ற மற்றவர்களும் நழுவிவிட்டார்கள்.

இப்போது புதுக்கூரையின் கீழ் மருமகன் நெஞ்சு நிறையக் குறட்டை விடுகிறார். வந்தவரின் முகத்தைத்தான் நான் காணவேயில்லை. அதனால் கல்முனைச் சந்தையில் கண்ணால் சிரிப்பவர்களுக்கெல்லாம் ஸலாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.