முதல் பரிசுக்கு ஓர் அண்ணன்

சுங்கை பினாங் பிளாட்டில் எங்கள் வீடு ஐந்தாவது மாடி. எதிர்வீட்டில் அவள். ஒன்றாம் ஆண்டிலிருந்து ஒரே வகுப்பு. அவள் முதலாவது, நான் இரண்டாவது. படிவம் நான்கு, பதினாறு வயது வந்தும் அது மாறவில்லை. வெளியே தோழி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். உள்ளே வயிறு எரியும்.

அந்த வருடம் கோயில் மண்டபத்தில் இளையோருக்குப் பேச்சுப்போட்டி. தலைப்பு, போதையில்லா வாழ்வு. கேட்டதுமே முதல் பரிசுக் கிண்ணம் அவளுக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். காரணம் அவளுடைய அண்ணன். ஜோகூரில் வேலை செய்கிறார் என்று எல்லாரிடமும் சொல்வாள். ஆனால் அவர் இருந்தது மறுவாழ்வு மையத்தில். அம்மாவின் சங்கிலியைக் கொண்டுபோய் விற்றது, இரும்புக் கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதது, எல்லாம் எங்கள் சன்னல் வழியாக எனக்குத் தெரியும். அதை மேடையில் சொன்னால் எந்த நீதிபதிதான் கண்கலங்க மாட்டார்? ச்சே, எங்கள் வீட்டில் மட்டும் ஏன் ஒன்றுமே நடப்பதில்லை என்று எரிச்சல் வந்தது. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கும் ஓர் அண்ணன் உண்டு. பாயான் பாருவில் தொழிற்சாலை வேலை. சிகரெட்கூடப் பிடிக்காத மனிதன். அவனைப் பற்றிச் சொல்லி யாரை அழவைப்பது? அதனால் அவள் அண்ணன் செய்ததை எல்லாம் என் அண்ணன் தலையில் கட்டி எழுதினேன். சங்கிலி, இரும்புக் கதவு, ஒன்றையும் விடவில்லை. போட்டியன்று அவனுக்குக் காலை ஷிப்ட். வரமாட்டான் என்ற தைரியம்.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு மூன்றாவது எண், அவளுக்கு ஏழு. அப்பாடா, முந்திக்கொண்டோம் என்று மேடை ஏறினேன். "அவைத்தலைவர் அவர்களே, நீதி வழுவா நீதிபதிகளே, மணிக்காப்பாளர் அவர்களே!" வணக்கம் முடிந்து, "என் அண்ணன் ஒரு போதைப் பித்தன்" என்று தொடங்கி, எத்தனை மாதமாக என்பதையும் சொல்லியிருந்தபோது பின்கதவு திறந்தது. தொழிற்சாலைச் சட்டையோடு அண்ணன். எனக்காக ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தான்.

மனப்பாடப் பேச்சை நடுவில் நிறுத்தினால் அவ்வளவுதான், மீதி ஒரு வரிகூட வராது. நிறுத்தவும் எனக்கு மனமில்லை, கிண்ணம் வேண்டும். அவன் நின்றுகொண்டே கேட்டான். நான் சங்கிலியை விற்கவைத்தேன், கதவில் முட்டவைத்தேன். ஒரு நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு அவள் பேசினாள். விளையாட்டு, நல்ல நட்பு, நேர நிர்வாகம். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு முதல் பரிசு. அவளுக்கு இரண்டாவது. கிண்ணத்தோடு கீழே இறங்கினால், கோயிலுக்கு வரும் ஓர் அக்கா என் அண்ணனைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, தங்கச்சி பாவம்லா. இனிமேலாவது விட்டுடுங்க."

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். காதெல்லாம் சிவந்திருந்தது.

"சரிங்க அக்கா. விட்டுடுறேன்."

அதற்குள் அவள் வந்து என் கையைப் பிடித்தாள்.

"உங்க வீட்டுலயுமாடி? எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. எங்க அண்ணன் ஜோகூர்ல இல்லடி. எங்க வீட்டுலயும் இதே மாதிரி சங்கிலி, அதே கதவு... நான் யாருகிட்டயும் சொன்னதே இல்ல. உனக்காச்சும் புரியும்."

பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாடி" என்றேன். அப்போதும், பாவி மனசு, அவள் மேல் பொறாமைதான் பட்டது. அண்ணனைக் காட்டிக்கொடுக்காமல் இரண்டாவதாக வந்து நிற்கிறாளே என்று.

மோட்டாரில் ஏறும்போது அண்ணன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினான்.

"நான் எத்தனை மாசமா போதை எடுக்கறேன்னு சொன்ன? நான் உள்ள வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிட்ட. அந்தப் பிள்ள கேட்டா நானும் அதையே சொல்லணும்ல."