கம்ப்யூட்டரில் இல்லாத நண்டு

பென்னலூர் பக்கத்தில் ஓடையை ஒட்டி எனக்குக் கொஞ்சம் நெல் வயல் உண்டு. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் நேராக அங்கேதான் போவேன். யாரோடும் பேச வேண்டாம் என்பது அங்கே ஒரு வசதி.

அந்த வசதியைக் கெடுக்க ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் ஒரு பொண்ணு வந்தது. வயலுக்கும் ஓடைக்கும் நடுவே புல் விட்டால், வயலில் போட்ட உரம் ஓடையில் கலக்காமல் புல்லோடு நின்றுவிடுமாம். எத்தனை அடி விட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் தண்ணீரை ஓடவிட்டுப் பார்ப்பதுதான் அதன் வேலை. ஓடை போய்ச் சேருவது செம்பரம்பாக்கம் ஏரிக்கு. புல் விட வேண்டியது என் நிலத்தில்.

சோதனைக்கு எட்டு அடி விட்டேன். அதில் நான்கு குழாய்களை இறக்கி, உள்ளே தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தினமும் அளக்கச் சொன்னது. வாட்ஸ்அப்பில் எண் போட்டால் போதும், பேச வேண்டாம் என்றதால் ஒத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை வரப்பில் வைத்துக் காட்டியது. திரையில் என் வயல் கட்டம் கட்டமாக இருந்தது. தண்ணீர் புல்லுக்கடியில் எறும்பு மாதிரி ஊர்ந்து, பல நாள் கழித்து ஓடையைத் தொட்டது.

"பாருங்கண்ணா, எவ்ளோ மெதுவா போகுது. எட்டு அடியே போதும். நாளைக்கு ரிப்போர்ட் குடுத்துடறேன். சரிதானே?"

எட்டு அடியோடு போனால் எனக்கும் நல்லதுதான். தலையை ஆட்டினேன்.

ஆட்டிவிட்டுக் குனிந்தால், அதன் செருப்புக்குப் பக்கத்தில் புல்லுக்குள் ஒரு நண்டு வளை. வரப்பில் வளையைப் பார்த்தால் உடனே மண் போட்டு மிதித்துவிடுவோம். இல்லையென்றால் காலையில் கட்டிய தண்ணீர் சாயங்காலம் இருக்காது. புல்லில் மட்டும் அடைக்கவில்லை. எதையும் தொடாதீங்க என்று அந்தப் பொண்ணுதான் சொல்லியிருந்தது.

சும்மா இருந்தால் நிலம் மிஞ்சும். என் கூச்சத்தால் எனக்கு ஒரு லாபம் வந்தது அன்றைக்குத்தான். ஆனால் நான் அனுப்பிய ஒவ்வொரு எண்ணுக்கும் அது 'நன்றிண்ணா' என்று போட்டிருந்தது. அதுதான் உறுத்தியது.

அதை வாயால் சொல்ல எனக்கு வராது. வீட்டுக்குப் போய்ச் சொட்டு நீலம் புட்டியை எடுத்து வந்து, ஒரு குடம் தண்ணீரில் கொட்டிக் கலக்கி, வளையில் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் ஓடைக்கரையில் நீலமாகத் தண்ணீர் வந்தது. பின்னாலேயே கோபமாக ஒரு நீல நண்டு.

அந்தப் பொண்ணு அதையே பார்த்துக்கொண்டிருந்தது. "கம்ப்யூட்டர்ல நண்டையே நான் போடலியேண்ணா" என்றது.

அடுத்த வாரம் நண்டு வளைகளையும் சேர்த்து மறுபடி ஓடவிட்டது. இருபது அடி என்று வந்தது. அவ்வளவு தூரம் நண்டு தோண்டாதாம்.

என் மனைவி கேட்டாள். "என்னாண்டயே நாலு வார்த்தை பேசாத ஆளு, அங்க போயி இன்னா பேசினே? பன்னெண்டு அடிய உட்டுட்டு வந்து நிக்கிற?"

"நான் எங்க பேசினேன்?" என்றேன்.

புட்டி காலியானது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்த வாரம் பூரா பழுப்பேறிய வெள்ளைச் சட்டையோடுதான் கம்பெனி லைனில் நின்றேன்.