மூன்றாவது கியரில் ஒரு கை

அந்தக் கார் சமதரையில் சாதுவாக ஓடும். தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கும்போது காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்ததும்தான் அதன் குணம் தெரியும். 'டொக்' என்று ஒரு சத்தம். மூன்றாவது கியரில் இருந்த கம்பி தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் கத்துமே தவிர, சக்கரத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது.

இதில் ஒரு வேடிக்கை. சிஸ்டர் ஓட்டினால்தான் இப்படி நடக்கும். அவள் கணவர் ஓட்டினால் வண்டி பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும்.

அவள் ஆஸ்பத்திரிச் செவிலி. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடு தேடிப் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டுவதும், அவர்களை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவள் வேலை. தெருவே சிஸ்டர் என்று கூப்பிட்டதில் மாமியாருக்கும் அது தொற்றிக்கொண்டு, "சிஸ்டர், டீ ஆச்சா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பாள். அவள் போகும் வீடுகளில் பாதி, பஸ் எட்டிப் பார்க்காத இடங்களில் இருந்தன. சொந்தமாக வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்குத்தான் ஆஸ்பத்திரி அந்த வேலையைக் கொடுக்கும். வண்டி இல்லை என்றால் வார்டுக்குள் அடைந்து கிடக்கவேண்டியதுதான். மாதக்கணக்கில் குப்புறக் கிடந்த ஒருவர், புண் ஆறி மல்லாந்து படுத்து, "அட, மேலே விசிறி வேற இருக்கா" என்று கேட்பதை நேரில் கேட்டவள் அவள். அந்தச் சுகத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கெட்டவர் அல்ல. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டையில் தீர்த்திருக்கலாம்.

"சில பேருக்கு சில வண்டி ராசியில்ல," என்பார் அவர், ஏதோ கண்ணாடியின் பவரைச் சொல்வதுபோல. "இதுல உன் தப்பு ஒண்ணும் இல்லம்மா."

"அப்போ கியர் ஆயில மாத்தின மாதிரி என்னையும் மாத்திடுங்க."

"வேண்டாம்," என்றாள் மாமியார் உள்ளேயிருந்து. "புது மாடல் இவன்கிட்ட ஒரு வாரம் தாங்காது."

ராசி என்பது விசாரிக்கச் சோம்பல் படுகிறவர்கள் கண்டுபிடித்த சொல். காரணம் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கும்போது அதை எடுத்துப் போர்த்திக்கொள்ளலாம். பழியைச் சுமக்கப் பக்கத்தில் ஒரு பெண் இருந்துவிட்டால் போர்வை இன்னும் கதகதப்பாக இருக்கும்.

வண்டியைப் பழுது பார்த்தவரை எல்லோரும் சோடாபுட்டி என்பார்கள். அவ்வளவு தடித்த கண்ணாடி. அதுவும் கணவர் கடையில் வாங்கியது. கெட்டிக்காரர்தான். கிளட்சைச் சரி செய்தார், கியர் ஆயிலை மாற்றினார், இன்ஜினைத் தாங்கும் ரப்பர்களைப் புதிதாகப் போட்டார். ஒவ்வொரு முறையும் சோதனை ஓட்டத்துக்கு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தது கணவர். சோடாபுட்டி பக்கத்தில் உட்கார்ந்து, காதைத் தாழ்த்தி, மேடு இறங்கியதும், "வெண்ணெய் மாதிரி போகுது அண்ணே," என்று சொல்லிவிடுவார்.

"என்னை ஒரு தடவை ஓட்டச் சொல்லிப் பாருங்களேன் அண்ணே," என்று சிஸ்டர் கேட்டாள்.

"நீங்க ஓட்டினா நழுவும்னுதான் தெரியுமே சிஸ்டர். தெரிஞ்சதை எதுக்குத் திரும்பப் பாக்கணும்?"

உலகத்தின் பல அநியாயங்கள் இந்த ஒரு கேள்வியின் மேல்தான் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

கடைசியில் கணவர் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தரகர் ஒருவரைக் கூட்டிவருகிறார், வண்டியைத் தள்ளிவிடலாம் என்று முடிவாயிற்று. அதுவரை அவளைத் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். பெருந்தன்மைதான். அவளுடைய வேலைக்கு நடத்தப்பட்ட வழியனுப்பு விழா என்றும் அதைச் சொல்லலாம்.

சனிக்கிழமை அவள் போன வீடு ஒரு பழைய கால்பந்து நடுவருடையது. கால் விளங்காமல் போனபிறகும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றாத மனிதர். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு ஊதல், மின்விசிறி வேண்டுமென்றால் இரண்டு. அவருடைய குதிகாலில் புதிதாக ஒரு புண் வந்திருந்தது.

"எங்கேயும் இடிக்கவே இல்ல சிஸ்டர்," என்றாள் அவருடைய மருமகள், தன்னைத் திட்டுவார்களோ என்ற பயத்தில். "சும்மா தலையணை மேல வெச்ச மாதிரியேதான் இருந்துச்சு."

"இடிக்க வேண்டியதில்லம்மா. லேசான பாரம் போதும். ஒரே இடத்துல, விடாம. தோல் பாவம் எவ்வளவு நாள் தாங்கும்?"

சொல்லிவிட்டு வண்டியில் வந்து ஏறினாள். கணவர் கிளப்பினார். முதல் கியர், இரண்டு, மூன்று. மூன்றாவது விழுந்த பிறகும் அவருடைய கை அங்கேயே இருந்தது. தூங்கும் பூனையின் தலையில் வைத்ததுபோல, கியர்க் குமிழின் மேல் உள்ளங்கையைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து வைத்திருந்தார். மேடு ஏறினார், இறங்கினார். கை எடுக்கவில்லை. வளைவில்கூட ஒற்றைக் கையால்தான் ஸ்டியரிங்கைத் திருப்பினார். இத்தனை வருடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததுண்டு. அந்தக் கையைப் பார்த்ததில்லை. குமிழின் மேல் எழுதியிருந்த எண்கள் எல்லாம் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தன.

தான் ஓட்டும்போது எப்படி என்று யோசித்தாள். ஓட்டுநர் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும். கியரைப் போட்டதும் கையை எடுத்துவிடுவாள்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன?" என்றார் கணவர்.

"ஒண்ணும் இல்ல. ஒரு புண்ணோட காரணம் தெரிஞ்சுது."

ஞாயிறு காலை தரகர் வருவதற்குமுன், கடைசியாக ஒரு ஓட்டம் வேண்டும் என்றாள். சோடாபுட்டி அண்ணனும் கூட இருக்கவேண்டும். ஓட்டுவது கணவர்தான். அதனால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. "வண்டியை வித்த பிறகு யார் என்னை ஏத்திக்கிட்டுப் போவாங்க?" என்று மாமியாரும் பின் இருக்கையில் சோடாபுட்டிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

என்ன சந்தேகம் என்று சிஸ்டர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கை உஷாராகிவிடும்.

மேடு ஏறினார்கள். உச்சியில், இறக்கம் தொடங்கும் இடத்தில், கியர்க் குமிழின் மேலிருந்த கணவரின் கையை அவள் எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கணவர் காது வரை சிவந்துபோனார். "என்ன பண்ற? அம்மா பின்னாடி இருக்காங்க."

"இருக்கட்டும்."

"நான் தண்ணீர்த் தொட்டியப் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றாள் மாமியார், அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பி.

"சிஸ்டர், நான் வேணும்னா இறங்கி நடந்து..." என்று சோடாபுட்டி ஆரம்பித்தார்.

டொக்.

கம்பி துள்ளி நடுவுக்கு வந்தது. இன்ஜின் கத்தியது. வண்டி ஓரமாக உருண்டுபோய் நின்றது. பிறகு மாமியார் சொன்னாள்: "ஏன்டா, உனக்கும் ராசி போயிடுச்சா?"

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு கணவரின் கையைப் பார்த்தார், பிறகு கியர்க் கம்பியைப் பார்த்தார். "அட நாசமே," என்றார் மெதுவாக. "சோதனை ஓட்டம்னு நான் வெண்ணெய் வெண்ணெய்னு சொன்னதெல்லாம் உங்க கை பிடிச்சுக்கிட்டு இருந்ததாலயா அண்ணே?"

அன்று வந்த தரகருக்கு டீ மட்டும் கிடைத்தது.

கியர்ப்பெட்டியை இறக்கித் திறந்தபோது கணவரும் பட்டறையில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். கியரைத் தள்ளுவதற்கு உள்ளே உண்டிவில்லின் கவைபோல ஓர் இரும்புத் துண்டு இருக்கும். கியரைப் போடும் நேரம் மட்டும் தள்ளிவிட்டு, மற்ற நேரமெல்லாம் சும்மா இருக்கவேண்டிய துண்டு. மேலே கை சாய்ந்திருந்தால் அது சுழலும் வளையத்தை ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். அதன் ஒரு பக்கம் பழைய கரண்டியின் ஓரம்போலத் தேய்ந்திருந்தது. மறுபக்கம் புத்தம் புதிதாக இருந்தது.

"தேஞ்ச கவை கியரை முழுசா உள்ள தள்ளாது. அரைகுறையா மாட்டினது இறக்கத்துல நழுவும். நீங்க ஓட்டறப்போ உங்க கையே அதைத் தாங்கிப் பிடிச்சுக்கும்," என்றார் சோடாபுட்டி. "கெடுத்ததும் இந்தக் கைதான். கெட்டது தெரியாம மறைச்சதும் இந்தக் கைதான்."

கணவர் அந்தத் துண்டைக் கையில் வாங்கி, தன் கடையில் லென்சைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தன்மேல் விழுந்த பழியைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த ஆண்கள் குறைவு. அவருக்குத் தெரிந்திருந்தது. சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். "ராசின்னு நான் சொன்னதையும் கழட்டிப் போட்டுடலாம்."

"அதுக்கு மாத்து சாமான் கிடைக்காது," என்றாள் அவள். "இல்லாமலே ஓட்டிக்கலாம்."

புதுக் கவையும் வளையமும் போட்டு வண்டி வந்ததும் முதலில் போனது நடுவர் வீட்டுக்கு. குதிகால் புண் வாய் மூடத் தொடங்கியிருந்தது. கதையைக் கேட்டு நடுவர் சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது. "கையால தொட்டா ஃபவுல்தானே. அதைக் கண்டுபிடிக்க இத்தனை நாளா உங்களுக்கு?" என்றவர், தலையணைக்கு அடியிலிருந்து தன்னுடைய மாற்று விசிலை எடுத்து அவளுக்குக் கொடுத்தார்.

விசில் இப்போது மாமியாரிடம் இருக்கிறது. விடுமுறை நாளில் மூவரும் வெளியே போனால் சிஸ்டர்தான் ஓட்டுவாள். மேட்டைத் தாண்டி மூன்றாவது கியரில் இறங்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவரின் கை, பழக்க தோஷத்தில், மெல்ல மெல்லக் குமிழை நோக்கி நகரும்.

பின் இருக்கையிலிருந்து ஒரு நீண்ட ஊதல் கேட்கும்.