சனிக்கிழமை வந்த போன்

திருப்பூர் அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் சாரதாமணி லைன் சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே முப்பது டெய்லர்கள். அதில் இளவரசி பூம்புகார் பக்கத்துப் பெண். காவிரி கடலில் சேரும் இடத்தில் அவள் ஊர். "எங்க ஊரு ஒருதடவை கடலுக்குள்ள போன ஊரு அக்கா, பழைய ராசா காலத்துல" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

2004 கிறிஸ்துமஸ் லீவுக்கு அவள் ஊருக்குப் போனாள். ஷிப்மெண்ட் இருந்ததால் ஞாயிறு காலையில் வேலைக்கு வந்தாக வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் கம்பெனிக்குப் போன் வந்தது. பேசியது இளவரசியின் அம்மா.

"ஒரே ஒரு நாள் இருந்துட்டு வரட்டும்மா. பாத்து ஆறு மாசமாச்சு."

"அதுக்கென்னங்க, இருந்துட்டே வரட்டுங்க" என்றாள் சாரதாமணி.

மறுநாள் காலையில் கடல் வந்தது. இளவரசி கிடைக்கவில்லை.

அவள் மிஷினில் வேறு பெண் வந்து உட்கார்ந்தாள். ஆனாலும் லைனைக் கடக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் குனிந்த தலை இளவரசியுடையதாகவே சாரதாமணிக்குத் தெரியும். இளவரசி என்றுகூட இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டாள். அந்தப் பெண் பயந்து வேலையை விட்டுப் போனாள்.

மூன்று வருஷம் கழித்து, வீட்டில் கோயிலுக்கென்று சொல்லிவிட்டு சாரதாமணி விடியற்காலையில் பஸ் ஏறினாள். திருச்சி, மாயவரம் என்று மாறி மாறிப் போய்ச் சேரச் சாயங்காலமாகிவிட்டது. ஊரில் பாதி புது வீடுகள். ஆற்றங்கரையோரம் ஓர் ஓட்டு வீட்டைக் காட்டினார்கள். வாசலில் இளவரசியின் அம்மா அஞ்சம்மாள் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள்.

"திருப்பூருங்க. இளவரசி கூட வேலை பாத்தவ."

அஞ்சம்மாள் நிமிர்ந்து அவளையே பார்த்தாள். "லீவு குடுத்த அக்காவா?"

"இல்லீங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நான் செக்கிங் செக்‌ஷனுங்க."

அஞ்சம்மாள் மேலே கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள். மகளின் பனியன் ஒன்றை எடுத்து வந்து காட்டினாள். துவைக்காமலே வைத்திருந்தாள். சாரதாமணியால் அதைத் தொட முடியவில்லை. எழுந்து பஸ்ஸுக்கு நடந்தாள். அஞ்சம்மாளும் கூடவே வந்தாள்.

ஆற்றுப் பாலத்தருகே வந்ததும் அஞ்சம்மாள் நின்றாள்.

"போன்ல கேட்ட கொரலு எனக்கு மறக்குமாம்மா? நீ வாயத் தொறந்ததுமே தெரிஞ்சுபோச்சு."

சாரதாமணி அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா..."

"கேட்டது நானு. அவ கெளம்பத்தான் நின்னா. பைய வாங்கி உள்ள வச்சது இந்தக் கைதான்." அஞ்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ ஏன் வேண்டாம்னு சொல்லலன்னு உன்னையும் திட்டியிருக்கேன். எத்தனையோ நாளு. பொய் சொல்ல மாட்டேன்."

"திட்டுங்க. இப்பவே திட்டுங்க."

அஞ்சம்மாள் சாரதாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்து போயிற்று. இருவரும் எழவில்லை.

அடுத்த வருஷமும் சாரதாமணி போனாள். அதற்கடுத்த வருஷமும் போனாள். அதே ஆற்றங்கரையில்தான் உட்கார்வார்கள். காற்று திரும்பி அலைச் சத்தம் கேட்டால் அஞ்சம்மாள் பேச்சை நிறுத்திவிடுவாள். அது அடங்கும்வரை சாரதாமணியும் பேசமாட்டாள்.