அண்ணியின் ஐந்தாவது விடை

பென்சில் முனை ஐந்தாவது விடையின் மேல் நின்றுகொண்டிருந்தது. திண்டிவனத்தில் பேருந்து ஏறியதிலிருந்து அண்ணி அந்த ஒரு கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். விக்கிரவாண்டி தாண்டியும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், வேறு வழியில்லாதவர் போல அந்த ஐந்தாவது விடையையே வட்டமிட்டார். தப்பு. வழக்கமான தப்புதான்.

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்காக அண்ணியும் நானும் ஞாயிறுதோறும் விழுப்புரத்தில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த காலம் அது. அந்தத் தேர்வில் ஒரு வகைக் கணக்கு வரும். விடையைக் கேட்க மாட்டார்கள்; விடை சொல்வதற்குக் கொடுத்த தகவல் போதுமா என்று மட்டும் கேட்பார்கள். அன்று பேருந்தில் இருந்தது இது: எக்ஸ் என்ற எண் இரட்டைப்படையா? ஒன்று, அது மூன்றால் வகுபடும். இரண்டு, அது பகா எண். முதல் தகவலை மட்டும் வைத்துக்கொண்டால் மூன்றாகவும் இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம். இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டால் இரண்டாகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். இரண்டையும் சேர்த்தால் மூன்றைத் தவிர வேறு எண்ணுக்கு இடமில்லை. மூன்று இரட்டைப்படை இல்லை. 'இல்லை' என்று உறுதியாகத் தெரிந்துவிட்டதால் தகவல் போதும். ஆனால் அண்ணிக்கு 'ஆம்' என்று வந்தால்தான் போதும். 'இல்லை' என்று வந்துவிட்டால் ஐந்தாவது விடைதான்: இரண்டையும் சேர்த்தாலும் போதாது. கணக்கில் பட்டம் வாங்கியவர். எல்லாவற்றையும் சரியாகப் போட்டுக்கொண்டு வந்து கடைசி அடியில் சறுக்குவார். நான் சிரிப்பேன். நாத்தனார் சிரித்தால் வேறு வீடுகளில் சண்டை வரும், அண்ணி ரப்பரைத் தேடுவார்.

அண்ணன் கல்யாணமான சில மாதங்களில் ஏ.சி. மெக்கானிக்காக மஸ்கட் போனான். அடுத்த வருடம் வந்து அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தான். முதலில் தினமும் பேசினான், பிறகு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பேசினான், பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுந்தது. அவன் வருவானா மாட்டானா என்பதுதான் அப்போது எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி. வருவான் என்றால் அண்ணி எங்கும் போக வேண்டியதில்லை. வரமாட்டான் என்றால் அந்த வயதில் அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு அர்த்தமில்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. படிப்பதுகூடச் சும்மா பொழுது போகத்தான் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தோம்.

அண்ணன் கம்பெனி ரூமைக் காலி செய்துவிட்டுத் தனி வீடு எடுத்திருக்கிறான் என்று முதலில் ஒரு சேதி வந்தது. அம்மா அசரவில்லை. ஆள் ஆளுக்குச் சமைத்தால் பிள்ளை வயிறு என்னத்துக்கு ஆகும் என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் அம்மாவுக்கு ஈடு கிடையாது. அண்ணி ஆமாம் என்று தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

பிறகு அவனோடு வேலை பார்க்கும் பிரம்மதேசத்துக்காரர் ஒருவர் விடுமுறையில் வந்தார். அங்கிருந்து வருகிறவர்கள், கூட வேலை செய்பவர்களின் வீட்டுக்கெல்லாம் பேரீச்சம்பழத்தையும் தைல பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்வருவது வழக்கம். நல்ல மனிதர். அம்மா வேகவைத்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, தட்டில் வைத்தாள். அவர் உரித்துத் தின்றுகொண்டே அண்ணியிடம் மனம் நிறைந்து சொன்னார்.

"போன தீபாளிக்கு வூட்டுக்காரம்மா செஞ்சதுன்னு அண்ணன் அதிரசம் எட்த்தாந்து குடுத்தாருங்க. ரூம்ல அத்தினி பேரும் உங்களத்தான் பேசிக்கினு இருந்தோம்."

அண்ணி அதிரசம் அனுப்பவில்லை. அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியே ஏறவில்லை.

அண்ணியின் முகம் மாறவில்லை. "பாகு பதம் சரியா இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். ரொம்பச் சரியாக இருந்ததாக அவர் சொன்னார். அண்ணி இன்னும் கொஞ்சம் மல்லாட்டையை அள்ளி அவர் தட்டில் வைத்தார்.

அவர் போனதும் அம்மா ஆரம்பித்தாள். கடையில் வாங்கியிருப்பான், கௌரவத்துக்கு அப்படிச் சொல்லியிருப்பான் என்றாள். நடக்கக்கூடியதுதான். தனி வீட்டுக்கு ஒரு சாக்கு இருந்தது, அதிரசத்துக்கும் ஒரு சாக்கு இருந்தது. அண்ணி இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டார் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. அண்ணன் மேல் கோபமும் வரவில்லை. மரத்துப்போன காலைத் தரையில் ஊன்றினால் ஒன்றும் தெரியாதே, அப்படி இருந்தது. தட்டில் கிடந்த மல்லாட்டைத் தோலை அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டினேன்.

அடுத்த ஞாயிறு மாதிரித் தேர்வில் அந்த வகைக் கணக்கில் அண்ணிக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. வகுப்பில் கைதட்டினார்கள்.  திரும்பும் வழியில் அவர் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார்.

தேர்வு முடிந்து, கோயம்புத்தூரில் அவருக்கு இடம் கிடைத்தது. எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில் ஆடிப்பெருக்கு வந்தது. சுமங்கலிகள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் நாள். அம்மா குளித்துவிட்டு, மஞ்சள் பூசிய புதுக் கயிற்றைத் தட்டில் வைத்து அண்ணியின் முன்னால் கொண்டுவந்தாள்.

"வேணாங்க அத்தை."

"வரமாட்டேன்னு அவன் வாயால சொல்லவே இல்லியேம்மா."

"சொல்லலைங்க. ஆனா தெரிஞ்சிடுச்சு."

அம்மா அதட்டுவாள் என்று நினைத்தேன். அதட்டவில்லை. கயிற்றைச் சுருட்டி, சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நான்தான் அண்ணியை ஏற்றிவிட்டேன். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. "அத்தைக்கு மாத்திர தீர்றதுக்கு முன்னாடியே வாங்கி வெச்சிடு, அவங்களா கேக்கமாட்டாங்க" என்றார். வண்டி நகர்ந்ததும் நான் வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு நான் எதையுமே உணரவில்லை என்பது பிற்பாடு எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது விழுப்புரத்தில் நானே வகுப்பெடுக்கிறேன். நுழைவுத் தேர்வில் தோற்றவள் நுழைவுத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று உறவில் கேலி பேசுவார்கள், பேசட்டும். ஒவ்வொரு வருடமும் பாதிப் பிள்ளைகள் அண்ணி செய்த தப்பைத்தான் செய்கிறார்கள். சிவப்பு மையில் திருத்திக் கொடுக்கிறேன். அண்ணி படிப்பு முடித்து அங்கேயே வேலையில் சேர்ந்தார். முதலில் மாதம் தவறாமல் அம்மாவிடம் பேசினார். பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசினார். இந்தப் பொங்கலுக்குப் பேசவில்லை.

அண்ணன் வருவானா என்று அம்மா கேட்பதில்லை. அதை எப்போதோ விட்டுவிட்டாள். சாயங்காலம் நான் வகுப்பு முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்பது இதைத்தான்.

"அவ வருவாளாடி?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள். பதில் சொல்லப் போதுமான தகவல் என்னிடம் இருக்கிறது.

"தெரியலம்மா" என்கிறேன்.